மழையில் எறிந்த தலையணைகள்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், கும்பகோணத்தைத் தாண்டி நாகூர் போகும் வழியில் நடந்தது இது.

என் கணவருக்குப் பழைய வண்டிகள் என்றால் பித்து. ராணுவத்தில் கழித்துப்போட்ட பெட்ரோல் டிரக் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். முன்னால் டிரைவர் இருக்கை, பின்னால் படுதாக் கூரைக்குள் இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறினா நாகூருக்குப் போக மாட்டோம்டா தம்பி, நேரா எல்லைக்குத்தான்" என்றார். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நாகூர் தர்காவில் அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது.

அந்தக் கேலி என் கணவரை உசுப்பிவிட்டது. ஒரே வாரத்தில் பெஞ்சுக்கு மெத்தை, காலுக்கு அணை கொடுக்கக் குட்டித் தலையணைகள், தரையில் விரிப்பு, சின்ன ஃபேன், வாசனை டப்பா எல்லாம் வந்துவிட்டன. முன்பக்கத்துக் காற்று முகத்தில் அடிக்காமல் இருக்க, டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவே தடித்த ரெக்சின் திரை. என்ஜின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று ஒரு பெல்லும் வைத்தார்.

பெல்லைக் கண்டதும் நாத்தனார் குழந்தையாகிவிட்டார். கிளம்பியதிலிருந்து வழியெல்லாம் அடிப்பார், வண்டி நிற்கும், "டிரைவர் சார், காபி கிடைக்குமா?" என்பார். கடைசியில் என் கணவர் திரையை விலக்கி, "அக்கா, இனிமே அடிச்சா நிக்க மாட்டேன், பதிலுக்கு ஹாரன்தான்" என்று சிரித்தார்.

கும்பகோணம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துப் படுதா, பின்படுதா எல்லாவற்றையும் இறக்கி இழுத்துக் கட்டினோம். "தல வலிக்குதுடி, இந்த வாசனை ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு அண்ணி படுத்தார். எனக்கும் தலை கனத்தது. காலையில் சாப்பிடாததுதான் என்று நினைத்தேன். அவர் அசந்து தூங்குவதைப் பார்த்து, மனுஷன் பட்ட பாடு வீண்போகவில்லை என்றுகூடத் தோன்றியது.

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. ஆபரேஷன் செய்த கால் மெத்தையிலிருந்து பொத்தென்று கீழே விழுந்தது. அண்ணி முனகக்கூட இல்லை. கன்னத்தைத் தட்டினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

எட்டிப் பெல்லை அழுத்தினேன். முன்னாலிருந்து ஹாரன் அடித்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஹாரன், இந்த முறை தாளத்தோடு. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரையை இழுக்கலாம் என்று எழுந்தால், கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, பின்பக்கமாக விழுந்தேன். படுதாவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஓர் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. முடிச்சை அவிழ்க்க விரல் மடங்கவில்லை. கைக்குக் கிடைத்த தலையணையை அந்த இடுக்கு வழியாக வெளியே தள்ளினேன். இன்னொன்று. பிறகு ஃபிளாஸ்க். அண்ணியின் மூச்சு இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வண்டி சடாரென்று நின்றது. வெளியே யாரோ என் கணவரைத் திட்டுவது கேட்டது. "ஏங்க, பின்னாடி வர்றவன் மனுஷனாத் தெரியலயா? தலகாணியத் தூக்கி மூஞ்சில அடிக்கிறீங்க?"

மொபெட்டில் யூரியா மூட்டை ஏற்றிப் பின்னால் வந்தவர், முந்திப்போய் வண்டியை மறித்திருக்கிறார். யார் எறிந்தது என்று கேட்டுச் சண்டை போடத்தான் படுதாவை அவிழ்த்தார். உள்ளே பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "ஐயையோ, ஒரே பொகை நெடிங்க. மொதல்ல வெளியில தூக்குங்க."

இருவருமாக எங்களை இறக்கி ரோட்டோரம் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டவர் அவர்தான். மூட்டை மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளை உருவி, அண்ணிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய உரம் மழையில் கரைந்து ஒழுகியது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வண்டிப் புகைதான் காரணம் என்றார் டாக்டர். தரைக்கு அடியில் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததை என் கணவர் பிறகு பார்த்தார். அதுவரை காற்று அள்ளிக்கொண்டு போன புகையை, நாங்கள் இழுத்துக் கட்டியதெல்லாம் உள்ளேயே நிறுத்திவிட்டது.

சாயங்காலம் அண்ணி கண் திறந்தார். "சொகுசாத்தாண்டா இருந்துச்சு தம்பி, எழுந்திருக்கவே மனசு வரல" என்றார். என் கணவர் சிரிக்கவில்லை. அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த மொபெட்காரரின் பெயரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது கோபமாக என்னிடம் வந்தால், முழுவதும் சொல்லட்டும் என்று பொறுமையாகக் கேட்கிறேன்; எங்கள் அண்ணியின் உயிர் திரும்பி வந்ததே, சண்டை போட வந்த ஒருவரால்தான்.