பூரணம் கூட்டின மூலை

எங்கடை படலையைத் திறந்தால் நேர எதிரே ரயில் ஸ்ரேசன். அதாலை அந்த ஸ்ரேசனைப் பற்றி ஆரும் எனக்குக் கதை சொல்லத் தேவையில்லை. நான் கலியாணம் முடிச்சு வந்த காலத்திலை மெயில் ரயில் நிண்டு போகும். யாழ்தேவி எங்களைக் கணக்கெடுக்காமல் போகும். சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் புகையிலைச் சிப்பங்கள் பிளாட்போம் முழுக்க அடுக்கிக் கிடக்கும், நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பம்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை சண்டை தொடங்கி ரயில் ஓட்டம் நிண்டுது. அந்தக் கிழமைகளிலையே காங்கேசன்துறைச் சனம் மூட்டை முடிச்சோடை தண்டவாளத்தாலை நடந்து வந்திது. அப்பிடி வந்தவள்தான் பூரணம். புருசன் முருகேசு சீமெந்துத் தொழிற்சாலையிலை வேலை செய்தவர். மகன் கோபிசங்கருக்கு மூண்டு வயசு. ஸ்ரேசனுக்குள்ளை பதினொரு குடும்பம் இருந்திது, இவைக்குக் கிடைச்சது ரிக்கற் குடுக்கிற அறை. அடுத்த வருசம் அந்த அறையிலைதான் தர்சிகா பிறந்தாள். ரிக்கற் குடுக்கிற ஓட்டைக்குள்ளாலை சுடுதண்ணிச் செம்பை நீட்டினது நான்தான். "பிள்ளை ரிக்கற் இல்லாமல் வந்திறங்கியிட்டாள்" எண்டு முருகேசு பகிடி விட்டவர்.

மூண்டரை மாதம்தான் இருந்தாள். காய்ச்சல், பிறகு வலிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, மேலை கெலிகொப்ரர் சுத்திச் சுத்திச் சுட்டுக்கொண்டு நிண்டது. பின்னேரம் அது அடங்கேக்கை பிள்ளையும் அடங்கியிட்டுது. பால்குடிப் பிள்ளையை எங்கடை ஆக்கள் எரிக்கிறேல்லை, மண்ணுக்குள்ளை வைக்கிறதுதான் வழக்கம். சுடலைக்குப் போகவும் ஏலாது. பிளாட்போம் முடியிற இடத்திலை, அந்தக் காலத்துக் கரிக்கோச்சி எஞ்சினுக்குத் தண்ணி விட்ட தாங்கியின்ரை சீமெந்துக் கட்டு இருந்தது. அதிலையிருந்து நாலு எட்டுத் தள்ளி முருகேசு கிடங்கு வெட்டிப் பிள்ளையை வைச்சார்.

தொண்ணூற்றைஞ்சிலை தென்மராட்சிக்கு ஓடினம். திரும்பி வந்தால் தண்டவாளம் இல்லை, சிலிப்பர்க்கட்டை இல்லை, கூரை இல்லை. எல்லாம் பங்கர் கட்டப் போயிட்டுது. சீமெந்துக் கட்டு மட்டும் நிண்டது, பூரணத்துக்கு அது போதும். காங்கேசன்துறைக் காணி ஆமியிட்டை. ஸ்ரேசனுக்குப் பின்னாலை கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தினம், முருகேசு கண் மூடினதும் அதுக்குள்ளைதான்.

சண்டை முடிஞ்சு ரயில் பாதையைத் திரும்பப் போட மிசின் வந்த வருசம், பூரணம் விடியவெள்ளன போய் அந்தக் கட்டிலை குந்தியிடுவாள். டோசர்க்காரன் தள்ளி நிக்கச் சொன்னால் நாலு எட்டை நடந்து காட்டிக் கும்பிடுவாள். அவனும் பாவம், அதை விட்டிட்டு மற்றப் பக்கம் வெட்டினான். அதுக்குள்ளை ஆடி அமாவாசை வந்திட்டுது. கோபிசங்கர் தேப்பனுக்குச் செய்யக் கீரிமலைக்கு வெளிக்கிட்டான், தாய் போகாமல் ஏலுமே?

"தங்கமுத்தக்கா, நான் வருமட்டும் அதிலை நில்லுங்கோ" எண்டாள்.

"ஓம், நீ போட்டு வா" எண்டனான்.

நிண்டனான், பத்து மணி மட்டும். எனக்கும் அண்டைக்கு விரதம், படைக்கவேணும், கறி அடுப்பிலை. அரை மணித்தியாலத்திலை என்ன குடி முழுகியிடப் போகுது எண்டு வந்திட்டன். சமைச்சு, படைச்சு, காகத்துக்கும் வைச்சிட்டுப் போய்ப் பாத்தால் கட்டும் இல்லை, மண்ணும் இல்லை. அண்டைக்கு வேறையொரு டோசர்க்காரன் வந்தவனாம். டிப்பரிலை ஏத்தி அனுப்பியாச்சு எண்டு கையைக் காட்டினான்.

பின்னேரம் அவள் நெத்தி நிறைஞ்ச விபூதியோடை வந்தாள். அந்த முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. "கட்டை இடிச்சுப்போட்டாங்கள், மண்ணை அப்பிடியே பரவி விட்டவங்கள், வெளியிலை ஒண்டும் போகேல்லை. இதிலைதான்" எண்டு ஒரு இடத்தைக் காட்டினன். என்ரை வாய் புழுத்துப்போகட்டும்.

ஸ்ரேசன் திறந்தினம். ரிக்கற் கவுண்டர், வாங்கு, தண்ணிப் பைப், கக்கூஸ் எல்லாம் வந்திது. கொழும்பு ரயிலும் நிக்கும், இப்ப ஆருக்குப் பெருமை? பூரணம் பிளாட்போம் கூட்டிற வேலையைக் கேட்டு வாங்கினாள். நான் காட்டின மூலையை ரெண்டு தரம் கூட்டுவாள். அதிலை ஆரும் வெத்திலை துப்பினால் தொலைஞ்சாங்கள், ரயில் வெளிக்கிடுமட்டும் ஏச்சு விழும். சனம் போனபிறகு அதிலையே இருந்துகொண்டு, "இப்ப இருந்திருந்தால் முப்பத்திநாலு, அக்கா, ரெண்டு பிள்ளையைப் பெத்திருப்பாள்" எண்டுவாள். நானும் ஓமெண்டு தலையாட்டுவன்.

காங்கேசன்துறைக் காணியை விட்டாங்கள். கோபிசங்கர் வீடு கட்டிப் போன தையிலை பால் காய்ச்சினவன். தாயைக் கூப்பிட்டால் வரமாட்டாளாம். "பிள்ளையைத் தனிய விட்டிட்டோ?" எண்டு கேட்டாளாம். எத்தினை வருசம் அந்தக் காணியை நினைச்சு அழுதவள்! அங்கை போற ரயிலை ஒவ்வொரு நாளும் அனுப்பிப்போட்டு இஞ்சை விளக்குமாத்தோடை நிக்கிறாள். கோபிசங்கர் என்ரை வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா" எண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அவன் அழுதது என்ரை பொய்யாலை.

மத்தியான ரயில் போனாப்போலை பிளாட்போமுக்குப் போனன்.

"பூரணம், அதிலை பிள்ளை இல்லை. அண்டைக்கு நான் காவல் நிக்கேல்லை, சமைக்கப் போனனான். மண்ணை டிப்பரிலை ஏத்திப்போட்டாங்கள். நான் உனக்குப் பொய் சொன்னனான்."

அடிப்பாள், மண் அள்ளித் திட்டுவாள் எண்டு நினைச்சன். அவள் விளக்குமாத்தைச் சுவரோடை சாத்தினாள்.

"டிப்பர் எந்தப் பக்கம் போனது, அக்கா?"

"நான் பாக்கேல்லை."

"சுன்னாகப் பக்கமோ, கடற்கரைப் பக்கமோ?"

"தெரியேல்லையடி."

அண்டையோடை அவள் கூட்ட வாறேல்லை. மகனிட்டையும் போகேல்லை. அவள் மகன்ரை வீட்டுக்குப் போகட்டும் எண்டுதான் சொன்னனான். பொய்யெண்டாலும் அவளுக்கு இருக்க ஒரு மூலை இருந்தது, அதையும் நானே பறிச்சுப்போட்டன். பாதை போட்ட காலத்திலை மண் வாங்கினது ஆர் எவர் எண்டு கேட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாத் திரியிறாள். நேற்று மல்லாகப் பக்கம், ஆரோ ஒருத்தரின்ரை வளவிலை, மண் கொட்டி உயர்த்தின இடத்திலை செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டவளாம்.