மூன்றாம் பாகம் தனசேகரன் வீட்டில்

முதல் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய தனசேகரன் வராததால் வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்களோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா போன் செய்தார். தனசேகரன் குளிக்கப் போன இடத்தில் விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். "அப்போ நாளைக்கு வருவார்ல?" என்று நான் கேட்டேனாம். ஸ்டெல்லா சொல்லித்தான் பிறகு தெரியும்.

இதைப் படிக்கிற, கன்வேயர் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. குத்துக்கல்லாட்டம் இருந்த மனிதர். முந்தின நாள்கூட என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனார்.

அவரும் நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்துதான் கதைப் புத்தகங்கள் வாங்குவோம். மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிப்டு. ஒருவர் முடித்துக் கொடுப்பதற்குள் மற்றவருக்குப் பொறுமை போய்விடும். ஒருநாள் கேண்டீனில், புதிதாக வாங்கிய தடிமனான நாவலைத் தனசேகரன் மேசைமேல் வைத்தார். இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்து, புத்தகத்தின் முதுகில் வைத்து மூன்றாக அறுத்துவிட்டார். எனக்கு அவரை அடித்துவிடலாம் போலிருந்தது. அவர் கோணி ஊசியால் ஒவ்வொன்றையும் நிதானமாகத் தைத்தார். "மூணு பேரும் ஒரே நேரத்துல படிக்கணும்னா வேற என்னங்க வழி?"

கடைசிப் பாகத்தை முதலில் படிக்க எங்களுக்கு மனமில்லை. அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்த நாவலானாலும் முடிவிலிருந்து முன்னால் வருவது அவர் வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை என்பார். "முடிவு தெரிஞ்சிட்டா பதட்டம் போயிடும் சார். அப்பால மனுசங்கள நிதானமா பாக்கலாம்."

என் மகன் எனக்கு ஒரு மின்வாசிப்புக் கருவி அனுப்பினான். தனசேகரன் அதற்கு சிலேட்டு என்று பெயர் வைத்தார். நூற்றுக்கணக்கான புத்தகம் இதற்குள் அடங்கும், கனமில்லை, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம் என்று நான் அளந்தேன். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, நின்றபடியே வெகுநேரம் படித்தார். கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு திருப்பித் தந்தார். "இதுல பாதிய அறுத்து ஸ்டெல்லாவுக்குக் குடுங்க, பாப்போம்."

காரியம் முடிந்த பிறகு நானும் ஸ்டெல்லாவும் வடக்குத்து என்ற ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி செல்வி அலமாரியிலிருந்து ஒரு புத்தகத் துண்டை எடுத்து வந்தார். கடைசியாக வாங்கிய நாவலின் மூன்றாம் பாகம். ஒவ்வொரு நாவலையும் போல இதையும் தினமும் செல்விக்குப் படித்துக் காட்டியிருக்கிறார் தனசேகரன். இத்தனை வருடம் எங்களோடு நாலாவதாக ஓர் ஆள் இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

"முடிவு வரைக்கும் படிச்சிட்டாருண்ணா. இவங்கல்லாம் யாரு, ஏன் இப்பிடி ஆச்சுன்னு கேட்டுகினே இருந்தேன். மொத பாகம் சார்கிட்ட இருக்குது, வரட்டும்னாரு."

சிலேட்டைக் கொண்டுவந்து தருகிறேன், அது தானாகவே வாய்விட்டுப் படிக்கும் என்று உளறினேன். செல்வி அதை மறுக்கவில்லை. யோசித்துவிட்டுத்தான் கேட்டார்.

"நடுவுல நிறுத்தி ஏன்னு கேட்டா சொல்லுமாண்ணா?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் போய் மாறி மாறிப் படிக்கிறோம். முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் நடக்கிறது. சென்ற வாரம் ஒருவனுடைய குறும்பைப் படித்து நான் சிரித்துவிட்டேன். செல்வி சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என்ன ஆகப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நாவல் சிலேட்டிலும் கிடைக்கும்; ஒரு தட்டுத் தட்டினால் முடிவு எனக்கும் தெரிந்துவிடும். தட்ட மாட்டேன். தனசேகரனுடையதாக எனக்கு மிஞ்சியிருப்பது நான் இன்னும் படிக்காத அந்த மூன்றாம் பாகம்தான். அதையும் வாங்கிப் படித்துவிட்டால், அப்புறம் அவர் கையிலிருந்து எனக்கு வரவேண்டியது எதுவுமே இருக்காது.