ஜோசியக்காவும் மஞ்சள் சாக்ஸும்

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் ஜோசியக்கா. ஜோசியக்காரர்கள் கையைப் பார்ப்பார்கள், இவள் காலைப் பார்ப்பாள். டியூட்டிக்கு வந்ததும் ஒவ்வொரு இன்குபேட்டராகக் குனிந்து பிஞ்சுப் பாதங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் எங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பாள். வீட்டிலும் இதே பைத்தியம்தான். பஸ் ஓட்டிக் களைத்து வந்து தூங்கும் புருஷனின் போர்வையை விலக்கிக் கால்விரலை அழுத்திப் பார்ப்பாளாம். அந்த மனிதர் ஒருமுறை எங்களிடமே வந்து, "உங்க அக்காவுக்கு லீவே குடுக்காதீங்கம்மா, நானாவது நிம்மதியா தூங்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குக் காரணம் இருந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஊசி குத்த ரத்தக்குழாய் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் தொப்புள் வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்துவார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, சோதனைக்கு ரத்தம் எடுப்பது எல்லாம் அதில்தான். சில சமயம் அந்தக் குழாயே காலுக்குப் போகிற ரத்தத்தைத் தடுத்துவிடும். விரல் நுனி வெளுக்கும், நீலமாகும், கவனிக்காமல் விட்டால் விரலே போய்விடும். விரலை அழுத்தி விட்டதும் வெளுத்த இடம் உடனே சிவந்தால்தான் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், போர்வைக்குள் ஒரு கால் கறுத்துப்போனது யார் கண்ணிலும் படவில்லை. அன்றிலிருந்து, குழாய் இருக்கிற குழந்தையின் கால் திறந்தே இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். டாக்டர்கள்கூட அந்தச் சட்டத்தில் கை வைப்பதில்லை.

அந்தச் சட்டத்தோடு மோதியவள் ஒரு தையல்காரப் பெண். அவளுடைய மகள் உள்ளங்கையில் அடங்குகிற அளவில் பிறந்திருந்தாள். தூக்க முடியாது, பால் கொடுக்க முடியாது, துடைத்துவிடுவதுகூட நாங்கள்தான். தாய் என்று அவள் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. தையலில் மிஞ்சிய வெட்டுத் துணிகளில் மஞ்சளாக, மெத்தென்று இருந்ததைத் தேடியெடுத்து ஒரு ஜோடி சாக்ஸ் தைத்துக்கொண்டு வந்தாள். என் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருந்திருக்கும், அவ்வளவு சின்னது. அலசிக் காயவைத்துப் பையில் வைத்துக்கொண்டு தினமும் வந்து இன்றாவது போடலாமா என்று கேட்பாள். குழாயை எடுத்ததும் நீங்களே உங்கள் கையால் போடுங்கள் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் இன்குபேட்டரில் குனிந்த அக்கா நிமிரவில்லை. தையல்காரப் பெண்ணின் குழந்தைக்கு இடது கால் கட்டைவிரல் நிறம் மாறியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு யோசித்தார். இருக்கிற ஒரே குழாயையும் எடுத்துவிட்டால் சோதனைக்கு ரத்தம் எடுக்க எங்கே போவது என்பது அவர் கவலை. அதுவும் நியாயம்தான்.

"வேற இடத்துல குத்திப் பார்த்துக்கலாம் சார்" என்றாள் அக்கா. "கால் போச்சுன்னா என்ன பண்றது?"

குழாயை எடுத்தார்கள். அக்கா குழந்தையின் வலது காலை வெதுவெதுப்பான துணியில் சுற்றினாள். ஒரு காலுக்குச் சூடு கொடுத்தால் மற்றதிலும் ரத்தம் ஓடத் தொடங்கும். விரல் மெல்ல மெல்லச் சிவந்து வந்தபோது நான் அழுதுவிட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் தையல்காரப் பெண்ணின் கை நேராகப் பைக்குள்தான் போனது. அக்கா குழந்தையின் கால்விரலை அழுத்தினாள், நிறம் திரும்புவதைப் பார்த்தாள், மறுபடியும் அழுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பார்த்துக்கிறேம்மா. நாளைக்குக் காலையில போடலாம்."

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்திலேயே நின்று ஒரு நிமிஷம் போட்டுக் கழற்றியிருந்தால் என்ன, குடிமுழுகியா போயிருக்கும்? டாக்டரும் போடட்டுமே என்றுதான் சொன்னார். அக்கா மசியவில்லை. பயம் அவளை விடவில்லை. இப்போதெல்லாம் எந்தக் குழந்தைக்கும் குழாயை எடுத்துக் கால் தெளிந்ததும், வந்து சாக்ஸ் போடுங்கள் என்று அவளே தாயைத் தேடி வராந்தாவுக்குப் போய்விடுகிறாள். அன்று அப்படி இல்லை. தாயும் பரவாயில்லை சிஸ்டர் என்று சாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காலைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் அதற்குள் அந்தக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. சாயங்காலம் குழந்தை துவண்டது, மூச்சு நின்று நின்று வந்தது. எந்த மருந்தும் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போகவே இல்லை. விடிந்த பிறகு எல்லாம் முடிந்துபோனது.

குழாயும் ஒயரும் இல்லாமல் மகளை அன்றுதான் முதன்முதலாக மடியில் வாங்கினாள் அந்தத் தாய். ரொம்ப நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து சாக்ஸை எடுத்து அக்காவைப் பார்த்தாள். குத்தலாக இல்லை, தினமும் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

"இப்பப் போடலாமா சிஸ்டர்?"

அக்கா தரையில் மண்டியிட்டாள். அவளை அறியாமலே கை போய் அந்தக் கட்டைவிரலை அழுத்தியது. அழுத்திவிட்டு, நிறம் திரும்பட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தாயும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அக்காவின் தோளைத் தொட்டேன்.

"போடுங்கம்மா" என்றாள் அக்கா.