நடுவில் நுழைந்த ஜாக்கெட் நிறம்

"சார், ஷீட்டுல ஜாக்கெட் நிறத்துக்குத் தனியா ஒரு காலம் போட்டுட்டேன். உங்க ப்ரோகிராம் தானா எடுத்துக்கும் இல்ல?"

பட்டுக் கடை ஆபீசில் ஆர்டர்களை எக்செல்லில் ஏற்றும் சுமதி, டீ குடித்துக்கொண்டே இதைக் கேட்டார். எனக்கு டீ இறங்கவில்லை.

"எங்க போட்டீங்க? கடைசியிலயா?"

"இல்ல சார், டிசைன் நம்பருக்குப் பக்கத்துல. பாக்க லட்சணமா இருந்துச்சு. காலையிலயே ஸ்லிப் சாயப்பட்டறைக்குப் போயிடுச்சே."

செத்தேன் என்று நினைத்தேன். ஏன் என்று, புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

சுமதியின் ஷீட், கமா போட்டுப் பிரித்த வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக என் ப்ரோகிராமுக்கு வரும். எந்த நூலுக்கு எந்தச் சாயம் என்று பட்டறைக்குச் சொல்லும் ஸ்லிப்பை அதுதான் அச்சடிக்கும். அங்கே 'சேலை' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு சேலையின் விவரங்களைப் போட்டுவைக்கும் வார்ப்பு. அதற்கு உடல் நிறம், பார்டர் நிறம், முந்தி நிறம் என்று தனித்தனி அறைகள் மாதிரி ப்ராப்பர்ட்டிகள். ஷீட்டின் ஒவ்வொரு காலத்தையும் அதற்குரிய ப்ராப்பர்ட்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மேப்பிங். நான் என்ன செய்திருந்தேன்? முதலாவது டிசைன் நம்பர், இரண்டாவது உடல், மூன்றாவது பார்டர், நான்காவது முந்தி என்று விரல்விட்டு எண்ணி எழுதியிருந்தேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. இப்போது இரண்டாவது இடத்தில் ஜாக்கெட் வந்து உட்கார்ந்து, மற்றவையெல்லாம் ஓர் இடம் தள்ளிப் போய்விட்டன. நம்பர் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்திருந்தால் ப்ரோகிராம் கத்தியிருக்கும். இங்கே எல்லாமே நிறத்தின் பெயர்கள், அதனால் சத்தமே இல்லை.

அன்றைய ஆர்டர் ஒரே கல்யாணத்துக்குப் பன்னிரண்டு சேலை. அரக்கு உடல், மஞ்சள் பார்டர், மஞ்சள் முந்தி. ஜாக்கெட்டும் பார்டருக்குச் சேர்ந்தாற்போல் மஞ்சள். ஸ்லிப்பில் போனதோ மஞ்சள் உடல், அரக்கு பார்டர். முந்தி மட்டும் குருட்டு அதிர்ஷ்டத்தில் தப்பியது. நூல் கெட்டால் வேறு நூல் வாங்கிச் சாயம் போட்டு நெய்து முடிப்பதற்குள் முகூர்த்தமே தாண்டிவிடும். முதலாளி நயினார் தன் ஆர்டர் நோட்டை மூடிவைத்து என் ப்ரோகிராமை நம்ப ஆரம்பித்து இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது.

சாயப்பட்டறை ஏழுமலைக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. கை சாயத்தில் இருந்தால் எப்படி எடுப்பார்? பைக்கைக் கிளப்பினேன். கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு பஸ் வழியே விடவில்லை. அந்த டிரைவரை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பட்டறையில் மஞ்சள் நூல் கட்டுகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. நனைத்த வெள்ளை நூலோடு ஏழுமலை அரக்குத் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஏழுமலை, அதை முக்காதீங்க!"

"இன்னா சார், இப்படி மூச்சு வாங்கிகினு வர்றீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். கொடியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"இதுக்கா இம்மாம் பேஜார்? நாங்க எப்பவும் வெளிர் கலரைத்தான் மொதல்ல போடுவோம். மஞ்ச மேல அரக்கு ஏறும் சார், அரக்கு மேல மஞ்ச ஏறாது. அந்த உடல் நூலை இதுலயே முக்கிடறேன், செவப்பைக் கொஞ்சம் பாத்துப் போட்டா சரியாப் பூடும். இந்த வெள்ளை மஞ்சளுக்குப் போவட்டும். அஞ்சு நிமிசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா பார்டர் நூல் காலி."

"கொடியில முந்தி நூலும் மஞ்சளாத்தானே இருக்கு? உடல் நூல் எதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு முடிச்சு உடல், ரெண்டு பார்டர், மூணு முந்தி. தண்ணில போட்டா வரிசை நிக்குமா சார்? அதான் முடிச்சு."

அப்பாடா! ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சொல்ல வெட்கமில்லை. வரிசையை நம்பி கிளாஸ் எழுதிய என்னை நானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன்.

நயினாரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. ஜைனர் வழக்கப்படி, பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"நூல் கெட்டுச்சா?"

"இல்லீங்க."

"அப்ப சரி. என்னை மறுபடி நோட்டை எடுக்க வெச்சிடாதீங்க."

ப்ரோகிராமை மாற்றினேன். முதல் வரியில் இருக்கும் தலைப்புகளைப் படித்து, பெயர் பார்த்துத்தான் இனி மேப்பிங். காலம் எங்கே இருந்தாலும் சரி. தேடும் பெயர் இல்லாவிட்டால் ஊகம் கிடையாது, நின்றுவிட வேண்டும். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

அடுத்த மாதம் நான் டீக்கடையில் இருந்தபோது சுமதி போன் செய்தார்.

"சார், உங்க ப்ரோகிராம் வம்புக்கு வருது! உடல் நிறம்ங்கிற காலத்தைக் காணோமாம், ஸ்லிப் தரமாட்டேன்னு நிக்குது. நான் தலைப்பை 'பாடி'ன்னு மாத்தினேன், அவ்ளோதான்!"

"நல்லா வம்பு பண்ணட்டும்மா," என்றேன். ஓர் எர்ரர் மெசேஜைக் கேட்டபிறகும் எனக்கு டீ இறங்கியது அன்றைக்குத்தான்.