முப்பது வயது மாப்பிள்ளையின் மெடல்

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வெற்றிலைத் தட்டோடு ஒரு வெள்ளி மெடலையும் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை, சுதந்திரம் வந்த கையோடு பென்ஷனில் ஊர் திரும்பிய ஹவில்தார். வயது முப்பது என்று அவருடைய அக்கா முன்பே சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு இருபது.

மெடலில் இருந்தது காசில் தினமும் பார்க்கிற ராஜா தலைதான். ரிப்பனில் தொங்கியதால் அம்மா அதைக் கழுத்தில் போடும் புனிதர் சுரூபம் என்று நினைத்து முத்தமிட்டாள். யாரும் திருத்தவில்லை.

“குடி, சண்டைன்னு ஒரு புகார் இருந்தாலும் இதைக் குடுக்க மாட்டாக. நெடுநாள் சேவைக்கும் நன்னடத்தைக்கும் சர்க்காரே குடுத்தது,” என்றார் அக்கா.

வலைக்காரரான என் அய்யாவுக்குக் குடிக்காத மருமகன் கிடைத்தால் போதும். வரும் ஞாயிறே மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

காப்பி கொடுத்துவிட்டு மெடலைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

“இது எத்தனை வருசம் வேலை பாத்தாக் குடுப்பாக?”

“இருபது வருசம்,” என்றார் அக்கா பெருமையாக.

“அப்ப பத்து வயசுலயா பட்டாளத்துல சேந்தாக?”

அய்யா என்னை முறைத்தார். அக்கா பாக்குவெட்டியைத் தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பதினெட்டுல சேந்தேன். இப்ப முப்பத்தொம்பது. அக்கா கொறச்சுச் சொன்னது எனக்குத் தெரியும். சும்மா இருந்தது தப்புத்தான்.”

அய்யா மெடலைத் தட்டில் திருப்பி வைத்தார். சம்பந்தம் முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான்தான் கட்டிக்கொள்கிறேன் என்றேன். பத்தொன்பது வயது வித்தியாசம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதுவரை பார்க்க வந்தவர்களில் என் கேள்விக்கு என்னிடமே பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அய்யா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் யாராவது, “ஒங்க அய்யாவா?” என்று கேட்பார்கள். எனக்கு ஆத்திரம் வரும். அவர் சிரிப்பார்.

கல்யாணமாகி இருபது வருடம் முடிந்த அன்று நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியிலிருந்து அந்த மெடலை எடுத்துவந்து என் சேலையில் குத்திவிட்டார்.

“நன்னடத்தைக்கு இல்ல,” என்றார். “சேவைக்கு மட்டுந்தான்.”

கழற்றக் கை ஈரமாக இருந்தது. மெடலோடுதான் அன்றைக்குக் குழம்பு வைத்தேன்.