பெயர் சொன்னதும் திரும்பினார்

சண்டிலிப்பாயில் ஓர் உறவினர் திருமணம். மண்டபத்துச் சமையலறையிலிருந்து புகை பரவியதும் யாரோ "நெருப்பு!" என்று கத்தினார்கள். மணவறைக்குப் பின்னால் அகலமான கதவு திறந்திருந்தும், எல்லோரும் தாங்கள் வந்த முன்வாசலுக்கே முண்டியடித்தார்கள். நெரிசலில் ஒரு பெண் விழுந்துவிட்டாள்.

நான் அந்தப் பின்கதவருகே கிடந்த கதிரையில் ஏறி நின்று, "எல்லாரும் இங்காலை வாங்கோ!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. கூட்டத்தில் எங்கள் அயலவர் சிவம் தெரிந்தார்.

"சிவம் அண்ணை! பின்கதவு திறந்து கிடக்கு, பிள்ளையளோடை இங்காலை வாங்கோ!"

பெயரைக் கேட்டதும் அவர் திரும்பினார். "ஓம், வாறன்!" என்று அவர் நடக்க, பலர் பின்தொடர்ந்தார்கள். முன்வாசல் நெரிசல் தளர, விழுந்தவளையும் தூக்கிவிட்டார்கள். எல்லோரும் தப்பினோம்.

இப்போது எந்த மண்டபத்திலும் உட்காருமுன் இன்னொரு வாசலைப் பார்த்துவைக்கிறேன். ஆபத்தென்றால், தெரிந்த ஒருவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.