நீராவி டாங்கிக்கு வைத்த பொட்டு

1. புகைபோக்கி வைத்த டாங்கி

ஆவடிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு டாங்கி ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு ஒருவர் அதைச் செய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆனால் புகைபோக்கி வைத்த டாங்கியை அவர்கள் முதலில் பார்த்தது என் பட்டறை மேஜையில்தான். பார்க்க வைத்தவன் நான். இன்றைக்கு வார்ப்புத் தொழிலுக்கு வருகிற பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், படித்தால் போதும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். மூன்றாம் வருஷம் உட்காராமல் பவுண்டரிக்குப் போய்விட்டேன். உருகின ஈயத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை முக்கி எடுத்து, அது கருகுகிற நிறத்தைப் பார்த்தே வார்க்கலாமா கூடாதா என்று சொல்லுவேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் பிறகு காகிதத்துக்கு வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கச் சந்தில் ஒரு ஷெட் எடுத்து, கோப்பைகளின் உச்சியில் மட்டையோடு நிற்பானே, அந்த ஈயப் பொம்மையை வார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குச் சென்னையில் எவன் கிரிக்கெட்டில் ஜெயித்தாலும் அவன் கையில் என் பொம்மை இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் கோப்பை வந்தது. என் பொம்மை போனது. ஷட்டரை இறக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பூந்தமல்லி எக்ஸ்போர்ட் ஏஜென்ட் ராஜகோபால் சார் மொபெட்டில் வந்து இறங்கினார். பைக்குள்ளிருந்து பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளங்கை அளவு டாங்கி. உடம்பெல்லாம் ரிவெட். முன்னால் ரயில் எஞ்சின் மாதிரி உருண்டையாக பாய்லர். நடுவில் பீரங்கி. பின்னால் புகைபோக்கி.

"இங்கிலாந்து ஆர்டர். விக்டோரியா ராணி காலத்துல டாங்கி இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? நீராவியில ஓடியிருக்கும். அந்தக் கற்பனைதான் இது" என்றார்.

"எதுக்கு சார் இது? கொழந்தைங்க ஓட்டறதுக்கா?"

"பெரியவங்க விளையாட்டுய்யா. பெரிய மேஜையில மலை, ஆறு எல்லாம் செட் பண்ணி, இந்த டாங்கிங்களை ரெண்டு கட்சியா நிறுத்துவாங்க. பகடை உருட்டி, டேப்பு வெச்சு அளந்து நகர்த்தி, சண்டை போடுவாங்க."

பிசிறு ராவிக்கொண்டிருந்த சரோஜா தலையைத் தூக்கினாள். "தாயம் ஆட்றதுக்கா சார் இந்த அலம்பலு? எங்க ஊட்டாண்ட புளியங்கொட்டய வெச்சே ஆடுவோம்."

சரோஜா திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வருகிறவள். அவள் அரம் பிடித்தால் வார்ப்பில் பிசிறு இருந்த இடமே தெரியாது. கையெழுத்து மட்டும் வராது. கூலிப் பதிவேட்டில் கட்டைவிரல்தான் வைப்பாள். நான் கையெழுத்துப் போடுவேன், ஆனால் கொஞ்சம் நேரமாகும். அதனால் ராஜகோபால் சார் எங்களுக்கு வைத்த பெயர் 'கைநாட்டுக் கம்பெனி'.

"முனுசாமி, உன் கைநாட்டுக் கம்பெனியை நம்பி வாக்குக் கொடுத்திருக்கேன். அச்சு எடுக்கிற இந்த மாஸ்டர் ஒரு பீஸ்தான் இருக்கு. சரக்கு ரிஜெக்ட் ஆச்சு, நீ ஷட்டரை இறக்கிட்டு உங்க ஊட்டாண்ட புளியங்கொட்டை ஆடலாம்."

"சார், ராணி நேர்ல வந்தாக்கூட குத்தம் சொல்ல முடியாது. வெச்சிட்டுப் போ சார்" என்றேன்.

2. யார் கரி அள்ளிப் போடுவது?

எங்களில் மூன்றாம் ஆள் எபனேசர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். ஆவடியில் டாங்கி வேலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், கோவில்பதாகையில் வீடு, சர்ச்சில் மூப்பர். பொய் என்பது அவர் வாயில் வராது. இது ஒரு பட்டறைக்கு எவ்வளவு பெரிய தொந்தரவு என்பதைப் பின்னால் சொல்கிறேன். மோல்டு எடுப்பது முழுக்க அவர் பொறுப்பு. மாஸ்டரைப் பாதி களிமண்ணில் புதைத்து, சுற்றிப் பெட்டி கட்டி, சிலிக்கான் ரப்பரை ஊற்றுவார். அது இறுகினதும் புரட்டிப் போட்டு மறுபாதி. அந்த ரப்பர் பொல்லாதது. மாஸ்டரில் தலைமுடி ஒட்டியிருந்தாலும் முடியையும் சேர்த்து அச்சு எடுத்துவிடும்.

அண்ணாச்சி நீராவி டாங்கியைக் கையில் எடுத்தார். புரட்டினார். முகம் சுருங்கியது.

"என்னவே இது? பாய்லரு முன்னால, ஆளு நடுவுல, பொகபோக்கி பின்னால. உள்ள இருக்கவன் அவிச்ச மொச்சையால்லா வெளிய வருவான்?"

"அண்ணே, அது கற்பனை."

"கற்பனன்னாலும் கரின்னு ஒண்ணு வேணும்லா? யாரு அள்ளிப் போடுதது? எங்கன நின்னு போடுதான்? கதவே இல்லியே!"

அன்றைக்கு மட்டுமல்ல, பூஜை வரைக்கும் தினமும் இதே கேள்வி. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு டாங்கியைத் தலைகீழாகப் பார்ப்பார். அடுப்புக் கதவைத் தேடுகிறார் என்று புரியும். சரோஜா, "அண்ணாச்சி, நீ வேணா உள்ள பூந்து பாத்துட்டு வாயேன்" என்பாள். "வாய மூடிக்கிட்டு ராவும்மா" என்பார்.

3. வைக்கவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன்

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் பூஜை சரோஜா கையில். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மோதிர விரலால் அழுத்தி ஒரு வட்டம் வைப்பாள். நடுவில் ஒரு துளி குங்குமம். ட்ரில்லிங் மெஷின், பஃபிங் மோட்டார், ஈயப் பாத்திரம், டெலிபோன், ராஜகோபால் சாரின் மொபெட், எதுவும் தப்பாது. அண்ணாச்சி அந்த நேரம் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொரி கடலை எடுத்ததும் உள்ளே வருவார். வருஷா வருஷம் இது ஒரு ஒப்பந்தம். "பொட்டுக்கு நீங்க, பொரிக்கு நான்" என்பார். யாருக்கும் மனக்கசப்பு கிடையாது.

அந்த வருஷம் மேஜையில் மாஸ்டர் டாங்கி இருந்தது. அதுவும் ஆயுதம்தானே? அதன் பாய்லர் நெற்றியிலும் ஒரு பொட்டு விழுந்தது.

விஜயதசமி முடிந்து வேலை தொடங்கின அன்று நான் வெள்ளீயம் வாங்கப் பாரிமுனைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி மோல்டு எடுக்க உட்கார்ந்தார். டாங்கி நெற்றியில் பொட்டு காய்ந்து கல்லாக நின்றது. சரோஜா அன்றைக்கு லீவு. வேறு யாராக இருந்தாலும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்திருப்பான். இவர் துடைக்கவில்லை. இன்னொருத்தர் சாமியை நினைத்து வைத்ததைத் தன் கையால் அழிப்பது மரியாதை இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். பொட்டோடு சேர்த்து ரப்பரை ஊற்றிவிட்டார்.

ரப்பர் இறுகி மாஸ்டரைப் பிரித்தபோது சந்தனம் ரப்பரோடு போய்விட்டது. மறுநாள் சரோஜா வந்து மோல்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். சந்தனம் கரைந்தது. அது இருந்த குழி நின்றது. அதில் வார்த்த முதல் பீஸ்களை வைத்தே மற்ற மோல்டுகளையும் எடுத்தோம். ஆக, ஆர்டர் முழுவதற்கும், ஒரு டாங்கி பாக்கி இல்லாமல், நெற்றியில் ஈயப் பொட்டு.

இத்தனை பேர் கண்ணில் எப்படிப் படவில்லை என்று கேட்பீர்கள். தம்பிகளா, நம்மூரில் லாரியைப் பாருங்கள், பஸ்ஸைப் பாருங்கள், கிரைண்டரைப் பாருங்கள். நெற்றியில் பொட்டு இல்லாவிட்டால்தான் நம் கண் உறுத்தும். இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் தோன்றும். நானே ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகப் பெட்டியில் போட்டேன்.

4. துரை வந்தார்

சரக்குக் கப்பலேறும் முன் அந்த இங்கிலாந்துக்காரரே நேரில் பார்க்க வந்துவிட்டார். பெயர் காலின். நெட்டையாக, வெயிலில் சிவந்து, கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தாலி மாதிரி தொங்கவிட்டிருந்தார். ஒரு டாங்கியை எடுத்தார். மாஸ்டரைப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். பிறகு நெற்றியைத் தொட்டு, "வாட் இஸ் திஸ்?" என்றார்.

மாஸ்டரில் இல்லாத ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இன்னொரு டாங்கி எடுத்தார். அதிலும் இருந்தது. பெட்டியைக் கவிழ்த்தார். எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி நின்றன.

ராஜகோபால் சார் என் காதில் சீறினார். "இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? போச்சு! கைநாட்டுக் கம்பெனின்னு சொன்னது சரியாப் போச்சு!"

ஷட்டர் இறங்குகிற சத்தம் என் காதில் கேட்டது. ஆனால் நான் யார்? நெருக்கடியில்தான் எனக்கு மூளை ஓடும். "சார், சொல்லு சார். சர்ச் லைட்டு. நைட்டுல சண்டை போட வேணாமா? ப்ரீயா வெச்சுக் கொடுத்தோம்னு சொல்லு."

அவர் இங்கிலீஷில் சொன்னார். துரை மறுபடி பூதக்கண்ணாடியில் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. வட்டத்தில் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றனவாம், விளக்குக் கண்ணாடியில் இருக்கிற வரிகள் மாதிரியே இருக்கிறதாம். இவ்வளவு நுணுக்கமாக யார் செதுக்கியது என்று கேட்டார்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் மூப்பர் வாய் திறந்தார்.

"நோ சார். நாட் லைட். சாண்டல் பேஸ்ட் சார். ஷி புட். ஐ நாட் வைப்."

"அண்ணே! வாய மூடு!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஞாயித்துக்கிழம நான் ஆண்டவர் முன்னால நிக்கணும்வே. உம்ம சர்ச் லைட்டுக்காக என் சர்ச்ச விட முடியுமா?" என்றவர், அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துரை பக்கம் திரும்பி, இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததையும் கேட்டுவிட்டார். "சார், ஒன் டவுட். கோல் ஹூ புட்?"

துரை கண்ணை உருட்டினார். பிறகு ரொம்ப சீரியஸாக, உள்ளே ஒரு ஆள் இருக்கிறார், குனிந்தபடியே கரி போடுவார் என்றார்.

"ஹி வில் டை, சார்."

"எஸ். ஹி இஸ் ஆல்வேஸ் த ஃபர்ஸ்ட்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அப்பம் சரி. ஒத்துக்கிட்டான் பாத்தீரா?" என்று என்னிடம் வெற்றியோடு சொன்னார். இங்கே என் கம்பெனி செத்துக்கொண்டிருக்கிறது, இவருக்கு ஃபயர்மேன் கவலை.

துரைக்குச் சந்தன விவகாரம் புரியவில்லை. ராஜகோபால் சார் வேர்த்து விறுவிறுத்து பூஜையை இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். சரோஜா பார்த்தாள். "நீ நவுரு சார்" என்றாள். மிச்சம் வைத்திருந்த சந்தனத்தைக் குழைத்தாள். மாஸ்டரை எடுத்து, மோதிர விரலால் அழுத்தி, ஒரு பொட்டு. நடுவில் குங்குமம். "இத்தான் தொரை. கண்ணு படாம இருக்கும். வண்டி நல்லா ஓடும்" என்று தமிழிலேயே சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

துரை பூதக்கண்ணாடியில் பொட்டைப் பார்த்தார். அந்த வளைந்த கோடுகள் எல்லாம் சரோஜாவின் விரல் ரேகை. அவள் கையைக் காட்டச் சொல்லி, விரலைப் பார்த்தார், டாங்கியைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் ஈயப் பாத்திரத்தின் மூடி ஆடியது. சரக்கு அப்படியே கப்பலேறட்டும், ஒன்றையும் ராவ வேண்டாம் என்றார்.

ராஜகோபால் சார் மொபெட்டை உதைக்கும்போது சரோஜா வாசலுக்கே போய்ச் சொன்னாள். "சார், கைநாட்டு கைநாட்டுன்னு சொல்லிகினே இருந்தியே, இப்ப அத்த வாங்கத்தான் தொரை ப்ளேன் ஏறி வந்துக்கீறாரு."

5. மறுபடியும் ஒரு பொட்டு

அதன் பிறகு பட்டறையில் ஒரு சட்டம் போட்டேன். பொட்டை யார் வைத்தாரோ அவரே துடைக்க வேண்டும். மோல்டுக்கு உட்காரும் முன் கேட்டே ஆக வேண்டும். அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்த சட்டம் இதுதான்.

அடுத்த வருஷம் புது ஆர்டர் வந்தது. இன்னும் பெரிய டாங்கி, இரண்டு புகைபோக்கி. பஞ்சைப் பிரித்தால், பாய்லர் நெற்றியில் இங்கிலாந்திலேயே செதுக்கி வைத்த வட்டம், நடுவில் புள்ளி, மேலே வரி வரியாகக் கோடு. பழைய டாங்கி வாங்கினவர்கள் எல்லாரும் பொட்டு இல்லாததை வாங்க மாட்டோம் என்கிறார்களாம்.

சரோஜா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூஞ்சியைச் சுளித்தாள். "இன்னா நைனா இது? கோடெல்லாம் ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி கீது. மனுசன் வெரலா இது?" என்று அரத்தை எடுத்தாள்.

அண்ணாச்சி குறுக்கே பாய்ந்தார். "தொடாதம்மா! சட்டம் என்ன? வச்சவன்தான் துடைக்கணும். வச்சவன் இங்கிலாந்துல இருக்கான்."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை நின்றது. கடைசியில் ராஜகோபால் சார் தலையில் அடித்துக்கொண்டு துரைக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். நீங்கள் வைத்த பொட்டை எங்கள் பெண்மணி அழிக்கலாமா என்று ஒரு எக்ஸ்போர்ட் ஏஜென்ட் அனுமதி கேட்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். பதில் வந்தது. அழிக்கலாம், அந்த அம்மாவே வைக்கட்டும் என்று.

சரோஜா ராவினாள், சந்தனம் குழைத்தாள், வைத்தாள். அண்ணாச்சி அன்றைக்கு வாசலுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே நின்று, "கொஞ்சம் எடப்பக்கமா வச்சிட்டியே" என்று குறை சொன்னார். காய்கிற வரைக்கும் ஒரு ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார்.

மோல்டுக்கு வைக்கும் முன் மாஸ்டரைத் துடைக்க வேண்டும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். துடையுங்கள், தம்பிகளா. ஆனால் வைத்தவரைக் கேட்டுவிட்டுத் துடையுங்கள்.